பெயரற்ற கைகளும் பெயர்ப்பலகையும்: ஜப்பானிய நாட்டார் கைவினை அருங்காட்சியகத்தின் காட்சிமுறை குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஓர் அருங்காட்சியகத்தின் கொள்கையை அறிய விரும்புவோர் அதன் முகப்பைப் பார்ப்பதைக் காட்டிலும், காட்சிப்பொருளின் அருகே வைக்கப்பட்டிருக்கும் சிறு பெயர்ப்பலகையைப் படிப்பது பயன்தரும். எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விடலாம் என்னும் முடிவு அங்கேதான் வெளிப்படுகிறது. டோக்கியோ நகரின் கோமபா பகுதியில் 1936ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜப்பானிய நாட்டார் கைவினை அருங்காட்சியகம் (நிஹோன் மிங்கெய்கன்) இவ்வகையில் தனித்து நோக்கத்தக்கது. கறுப்புப் பலகையில் செந்நிற எழுத்தால் பொருளின் பெயர், ஊர், காலம் போன்ற ஒரு சில விவரங்களே அங்கு எழுதப்படுகின்றன. செய்தவர் யார், யார் பயன்படுத்தினார், யாரிடமிருந்து எவ்வாறு பெறப்பட்டது என்பன இடம்பெறுவதில்லை.

இச்சொற்சுருக்கம் கவனக்குறைவால் நேர்ந்ததன்று. தெளிவான ஒரு கலைக்கொள்கையின் விளைவு. அக்கொள்கை பார்ப்பவரின் கண்ணுக்குப் பெரிதும் உதவியது. ஆனால் பொருளைச் செய்தவரின் கைக்கு அது என்ன செய்தது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. மிங்கெய்கன் போற்றும் ‘பெயரின்மை’ பொருளோடு பிறந்த பண்பா, அன்றித் திரட்டியவரும் காட்சிப்படுத்தியவரும் அளித்த பண்பா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மிங்கெய் என்னும் சொல்

ஜப்பானிய அரசின் அருங்காட்சியக முயற்சி 1872இல் யுஷிமா கன்பூசியக் கோயிலில் நடைபெற்ற பொருட்காட்சியிலிருந்து தொடங்குகிறது. இன்றைய டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் அதையே தன் தோற்றமாகக் கொள்கிறது. அடுத்த ஆண்டு வியன்னாவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் பங்கேற்கும்பொருட்டு, ‘கலை’ என்னும் மேலைக் கருத்தைக் குறிக்க ‘பிஜுட்சு’ என்னும் புதுச்சொல் ஆக்கப்பட்டது. புதுச்சொல்லோடு புதிய வரிசைமுறையும் வந்தது. ஓவியமும் சிற்பமும் மேலே வைக்கப்பட்டன. சமையற்கலமும் நெசவும் கூடையும் கீழே நின்றன.

இவ்வரிசையை எதிர்த்து எழுந்ததே மிங்கெய் இயக்கம். மெய்யியலறிஞர் யானகி சோயெட்சு (1889–1961), மட்கலக் கலைஞர்களான ஹமாதா ஷோஜி, கவாய் கன்ஜிரோ ஆகியோர் 1925இல் இச்சொல்லை உருவாக்கினர். ‘மின்’ மக்களையும் ‘கெய்’ கைத்திறனையும் குறிக்கும். மறு ஆண்டே இதற்கென ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்னும் அறிக்கை வெளிவந்தது. தம் திரட்டைப் பேரரச அருங்காட்சியகத்துக்கு வழங்க யானகி முன்வந்தபோது அது ஏற்கப்படவில்லை. பின்னர்க் குராஷிகி நகரத் தொழிலதிபர் ஓஹாரா மகோசபுரோ அளித்த பொருளுதவியால் மிங்கெய்கன் எழுந்தது.

நாட்டார் கைவினை எனத் தகுவதற்கு யானகி வகுத்த இலக்கணங்கள் பல. பொருள் நாள்தோறும் பயன்படுவதாகவும், பெருந்தொகையாகச் செய்யப்படுவதாகவும், எளிய விலையினதாகவும், மண்ணின் மரபு சார்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். அவற்றுள் தலையாயது, செய்தவர் தம் பெயரைப் பொறிக்காதவராக இருத்தல் வேண்டும் என்பதாகும். ‘நான் செய்கிறேன்’ என்னும் முனைப்பு அற்ற இடத்தில் அழகு தானே வந்து சேரும் என்பது அவர் துணிபு. தூய நிலப் பௌத்தம் கூறும் ‘பிறிதோர் ஆற்றலைச் சார்தல்’ என்னும் கோட்பாட்டை அவர் இதற்கு அடிப்படையாக்கினார்.

காட்சிமுறையின் வலிமை

மிங்கெய்கனின் கட்டடம் யானகியின் திட்டப்படி அமைந்தது. எதிரே தோச்சிகிப் பகுதியிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட, கற்கூரை வேய்ந்த நீண்ட வாயில்வீடு நிற்கிறது. அதனை ஒட்டி அவர் வாழ்ந்த இல்லம் உள்ளது. உள்ளே நுழைவோர் காலணியைக் கழற்றிவிட்டு வீட்டுச் செருப்பணிந்து மரத்தளத்தில் நடக்கின்றனர். இருபுறமும் பிரிந்தேறும் மாடிப்படி, மரச்சட்டக் கதவுகள், தாள் வழியே கசியும் ஒளி ஆகியன சேர்ந்து, ஒருவர் வீட்டுக்குள் வந்துவிட்ட உணர்வைத் தருகின்றன. திரட்டில் ஏறத்தாழ 17,000 பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஒரு பகுதியே பருவந்தோறும் மாற்றிக் காட்டப்படுகிறது.

முதலில் பார்க்க வேண்டும், அறிதல் பின்னர் வரட்டும் என்பது யானகியின் கொள்கை. அறிவு முந்திக்கொண்டால் கண் தன் பணியைச் செய்யாது. காலத்தையும் கலைஞன் பெயரையும் விலையையும் அறிந்துகொண்ட பார்வையாளர் பொருளைப் பாராமல் பலகையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார் என அவர் அஞ்சினார். இவ்வச்சத்தின் நியாயத்தை எந்த அருங்காட்சியகத்திலும் காணலாம். நெடிய விளக்கம் எழுதப்பட்ட இடங்களில் கூட்டம் எழுத்தின் முன்னே நிற்கிறது. மிங்கெய்கனில் எழுத்து ஒதுங்கி நிற்பதால், ஒரு சோயாச்சாற்றுக் கலத்தின் தோளில் பூச்சு வழிந்து உறைந்த இடமும், வைக்கோலால் முடைந்த மழைக்காப்பின் கழுத்துப் பகுதியில் கூடிய நுண்மையும், பழுதுபார்த்த துணியின் தையலும் பார்வையாளரின் கண்ணில் படுகின்றன. கொட்டிலிலும் சமையற்கட்டிலும் கிடந்தவற்றைப் பேரரசரின் பொருள்களுக்கு நிகராக நிறுத்தியது இம்முறையின் மெய்யான வெற்றி. ஏட்டில் வாதிட்டு நிறுவ இயலாத சமன்மையை, ஒரு பலகையைச் சுருக்கியதன் மூலம் யானகி நிறுவினார் எனலாம்.

பெயர் யாருக்கு உரியது?

ஆயினும் ‘பெயரின்மை’ எல்லார்க்கும் ஒன்றுபோல் வழங்கப்பட்டதா என நோக்குதல் வேண்டும். கியோட்டோ தைதோகுஜி மடாலயத்தைச் சேர்ந்த கோஹோ-ஆனில் காக்கப்பட்டுவரும் தேநீர்க்கிண்ணம் இதற்குச் சிறந்த சான்று. 16ஆம் நூற்றாண்டில் கொரியாவில் வனையப்பட்ட இக்கிண்ணம் ஜப்பானில் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டுள்ளது. 1931இல் இதனைக் கண்ட யானகி, ஏழைக் கொரியர் உண்ட எளிய கலமே உலகின் தலைசிறந்த தேநீர்க்கிண்ணம் ஆயிற்று என வியந்து எழுதினார். மிங்கெய்க் கொள்கையின் மையப் பனுவல்களுள் அக்கட்டுரையும் ஒன்று. இதனை அன்றாட உணவுக்கலம் எனக் கொள்வதைப் பின்னைய ஆய்வாளர் சிலர் ஏற்பதில்லை. அதனினும் முதன்மையாகக் கருதத்தக்கது கிண்ணத்தின் பெயர். ‘கிசாயெமோன் இடோ’ என்பதே அதன் பெயர். கிசாயெமோன் அதனை வனைந்தவர் அல்லர். ஒருகாலத்தில் அதனை உடைமையாகக் கொண்டிருந்த ஒசாகா வணிகர். ஆக, கிண்ணத்துக்குப் பெயர் உண்டு. உடையவருக்கும் பெயர் உண்டு. போற்றி எழுதியவருக்கும் பெயர் உண்டு. வனைந்தவர்க்கு மட்டுமே இல்லை.

பெயர் தொலைந்த இடத்தை எவ்வாறு எதிர்கொள்வது என்பதில் மரபுக்கு மரபு வேறுபாடு உண்டு. சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் பாடியவரின் பெயர் கிட்டாதபோது, பாட்டில் அவர் ஆண்ட தொடரைக் கொண்டே அவரைச் சுட்டினர். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்பன அவ்வாறு அமைந்த பெயர்கள். இதனால் அப்புலவரின் வாழ்க்கை மீண்டுவிடவில்லை. எனினும், இங்கு ஒருவர் இருந்தார் என்பதை அப்பெயர் ஒப்புக்கொள்கிறது. இயற்பெயரை இழந்தவர்க்கும் ‘ஆர்’ விகுதி தந்து மதிக்கிறது. கிசாயெமோன் கிண்ணத்திலோ, இல்லாத பெயரின் இடத்தில் உடைமையாளரின் பெயர் வந்து அமர்ந்துகொண்டது.

இயக்கத்தின் உள்ளேயும் இம்முரண் உண்டு. ஹமாதா ஷோஜி தம் கலங்களில் பெயர் பொறிப்பதைக் கைவிட்டார். ஆனால் கலத்தை வைக்கும் மரப்பேழையில் அவர் கையொப்பம் இருந்தது. 1955இல் ‘வாழும் தேசியச் செல்வம்’ என வழங்கும் தகுதியை முதன்முதலாகப் பெற்றோருள் அவரும் ஒருவர். குராஷிகியில் உள்ள ஓஹாரா கலை அருங்காட்சியகத்தின் கைவினைப் பிரிவில் ஹமாதா, கவாய், பெர்னார்டு லீச் முதலியோர்க்குத் தனித்தனி அறைகள் உள்ளன. யானகியின் கட்டுரைகளை ‘அறியப்படாத கைவினைஞர்’ என்னும் பொருள்படும் தலைப்பில் லீச் 1972இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, பெயரின்மையை உரைத்தவர் உலகப் புகழ் பெற்றார். இதற்கு விலக்காகக் கவாய் கன்ஜிரோவைச் சுட்டலாம். ‘வாழும் தேசியச் செல்வம்’ உள்ளிட்ட சிறப்புகளை அவர் மறுத்தார். கியோட்டோவில் 1973இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட அவர் இல்லத்தில், அண்டை அயலாரோடு பகிர்ந்து பயன்படுத்திய படிச்சூளை இன்றும் உள்ளது.

கைவினைஞர் தரப்பில் இக்கொள்கை என்ன விளைவித்தது என்பதற்கு ஒயிட்டா மாகாணத்து ஒன்டா என்னும் மலைச்சிற்றூர் சான்றாகும். ஓடைநீரால் இயங்கும் மர உலக்கைகள் அங்கே மண்ணை இடிக்கின்றன. ஒரு சில குடும்பங்களே வழிவழியாக வனைகின்றன. எவரும் தனிப்பெயர் பொறிப்பதில்லை. 1931இல் யானகியும், 1954இல் லீச்சும் அங்குச் சென்ற பின்னர் அவ்வூர் புகழ்பெற்றது. மானிடவியலாளர் பிரையன் மோரன் அங்குத் தங்கி ஆராய்ந்து 1984இல் வெளியிட்ட நூல், இப்புகழால் கலங்களுக்குத் தேவையும் விலையும் கூடியபோது, குடும்பங்களுக்கிடையே நிலவிய பழைய கூட்டுறவு நெகிழ்ந்ததை விரிவாகக் காட்டுகிறது. மாறாமையை வேண்டியோரின் வரவே மாற்றத்தைக் கொணர்ந்தது. ஒன்டாவின் குடும்பங்கள் தம்முள் ஒருவரை ஒருவர் நன்கறிவர். ‘அறியப்படாதவர்’ என்பது நகரத்திலிருந்து பார்ப்பவர் தந்த பெயரே.

கொரியக் கலங்கள்: அன்பும் ஆதிக்கமும்

இவ்வினா மிகக் கூர்மை பெறுமிடம் கொரியா. 1914இல் அசகாவா நொரிதகா என்பவர், ஜோசன் காலத்துப் பட்டைமுகக் கலம் ஒன்றை யானகிக்குப் பரிசாகக் கொண்டுவந்தார். வெண்ணிற உடலில் நீல வண்ணத்தால் இலையுதிர்காலப் புல் தீட்டிய அக்கலமே யானகியை நாட்டார் கைவினையின்பால் திருப்பியது. இன்று அது மிங்கெய்கனில் உள்ளது. அக்கலம் அவர் கைக்கு வந்தபோது கொரியா ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

யானகியை ஆதிக்கத்தின் ஊதுகுழல் எனக் கூறுதல் பிழையாகும். 1919 மார்ச்சு முதல் நாள் எழுச்சி ஒடுக்கப்பட்டபோது அவர் கொரியர் சார்பாக எழுதினார். கியாங்பொக்குங் அரண்மனையின் குவாங்ஹ்வாமுன் வாயிலை இடிக்கும் திட்டத்தை 1922இல் வெளிப்படையாகக் கண்டித்தார். வாயில் இடிபடாமல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. கொரியரின் கலைப்பொருள்கள் கொரிய மண்ணிலேயே இருத்தல் வேண்டும் எனக் கருதி, 1924இல் அதே அரண்மனை வளாகத்தில் கொரிய மக்கள் கலைக்கென ஓர் அருங்காட்சியகத்தை நண்பர்களுடன் நிறுவினார். 1984இல் தென்கொரிய அரசு அவர் மறைவுக்குப்பின் பண்பாட்டு விருது வழங்கியது.

ஆயினும் கொரியக் கலையின் சாரத்தை அவர் ‘துயரத்தின் அழகு’ என வரையறுத்தார். வெண்ணிறத்தையும் மெலிந்து நீளும் கோட்டையும் படையெடுப்புகளால் துன்புற்ற மக்களின் ஏக்கமாகக் கண்டார். கொரிய ஆய்வாளர் பலர் இதனைக் கடுமையாக மறுத்துள்ளனர். துயரமே ஒரு மக்களின் இயல்பு எனக் கூறும்போது, துயரத்தை விளைவித்த ஆட்சி கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது என்பது அவர்தம் வாதத்தின் சாரம். கிகுச்சி யூகோ (2004), கிம் பிராண்ட் (2007) ஆகியோரின் நூல்களும் மிங்கெய்க் கொள்கைக்கும் பேரரசுக் காலப் பண்பாட்டுத் தேசியத்துக்கும் உள்ள உறவை விளக்குகின்றன. செய்தவர் பேசாத இடத்தில் திரட்டியவர் பேசினார். வெற்றிடமாக விடப்பட்ட பலகையை அவர் கருத்து நிரப்பியது. பெயரின்மையின் விளைவுகளுள் இதுவே பெரிது.

வேறு வழி இல்லாமல் இல்லை. அவ்வழி யானகியின் நெருங்கிய வட்டத்திலேயே இருந்தது. நொரிதகாவின் தம்பி அசகாவா தகுமி (1891–1931) கொரியாவில் காட்டுத்துறையில் பணியாற்றினார்; கொரிய மொழி கற்றார்; அம்மக்களோடு வாழ்ந்து, சியோலிலேயே அடக்கமானார். கொரியரின் சிற்றுணவு மேசைகளைப் பற்றி 1929இல் ஒரு நூல் எழுதினார். 1931இல் வெளிவந்த அவரது மற்றொரு நூல் கொரிய மட்கலங்களின் பெயர்களை ஆராய்வது. ஒவ்வொரு கலத்தையும் அதனைப் பயன்படுத்தியோர் எச்சொல்லால் அழைத்தனர், எதற்குக் கையாண்டனர் என்பதை அவர் திரட்டினார். வனைந்தவரின் பெயர் இனிக் கிடைக்காது எனினும், அவர் வாயில் வழங்கிய சொல் கிடைக்கும் என்பதை இந்நூல் உணர்த்துகிறது. அழகைக் கண்டவர் யானகி எனின், பெயரைக் கேட்டறிந்தவர் தகுமி.

ஒகினாவா: மற்றொரு பலகை

பெயரும் மொழியும் பற்றிய இவ்வினாவை யானகி அறியாதவர் அல்லர். 1938ஆம் ஆண்டின் இறுதியில் ஒகினாவாவுக்குச் சென்ற அவர், அத்தீவுகளின் நெசவிலும் ‘பிங்கதா’ என்னும் சாயத்துணியிலும் உள்ளம் பறிகொடுத்தார். அப்போது அங்கே பொதுமொழியாகிய ஜப்பானியத்தை வற்புறுத்தும் இயக்கம் தீவிரமாக நடைபெற்றது. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனையாக ஒரு மரப்பலகை தொங்கவிடப்பட்டது. பொதுமொழியைக் கற்பித்தல் வேறு, தாய்மொழியை இழிவுபடுத்துதல் வேறு என 1940இல் யானகியும் அவர் குழுவினரும் வாதிட, மாகாண நிருவாகத்துடன் பெரும் சொற்போர் மூண்டது. ஒரு துணியின் அழகை அதனை நெய்தவரின் மொழியிலிருந்து பிரிக்கவொண்ணாது என்பதை அன்று அவர் உணர்ந்திருந்தார். 1945 போரில் ஒகினாவாவின் ஷுரி அரண்மனையும் எண்ணற்ற பண்பாட்டுச் செல்வங்களும் அழிந்தன. இந்நிலையில் மிங்கெய்கனில் உள்ள ஒகினாவாத் துணிகள் அத்தீவினர்க்கே சான்றாவணமாகின்றன. மொழிக்காக வாதிட்டவரின் அருங்காட்சியகத்தில் அம்மொழி பலகையில் ஏறாமற் போனது ஓர் இழப்பே.

ஆனந்த குமாரசாமியின் மறுதலை

யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த ஆனந்த குமாரசாமி (1877–1947) இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கவர். 1917 முதல் அவர் பணியாற்றிய பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், அதற்கு முன்னர் ஜப்பானியக் கலையறிஞர் ஒகாகுரா காகுசோ ஆசியக் கலைப் பிரிவில் பணியாற்றிய இடமாகும். யானகியைப் போன்றே குமாரசாமியும் ரஸ்கின், வில்லியம் மோரிஸ் ஆகியோரின் சிந்தனையோடு உறவுடையவர். இயந்திர உற்பத்தியின் சீர்கேட்டை இருவரும் கண்டித்தனர். மரபுக் கலைஞன் தன்பெயரை நாடாமையை இருவரும் உயர்வாகக் கருதினர்.

அருங்காட்சியகம் பற்றிய கருத்தில் இருவரும் பிரிகின்றனர். கலைப்பொருள்களை ஏன் காட்சிக்கு வைக்க வேண்டும் என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்டு 1943இல் வெளிவந்த நூலில் குமாரசாமி, அப்பொருள்கள் காட்சிக்கென்று செய்யப்பட்டவை அல்ல என வற்புறுத்துகிறார். பயனையும் பொருளையும் அறியாமல் கண்களிப்பது சுவைப்பு ஆகாது; அவற்றை அறிவிப்பதே அருங்காட்சியகத்தின் கடன் என்பது அவர் நிலைப்பாடு. 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில், கண்டிப் பகுதிக் கைவினைஞரின் தொழில்முறை, குலம், நிலவுரிமை ஆகியவற்றை அவர் பதிவுசெய்திருப்பது இந்நிலைப்பாட்டின் செயல்வடிவம். யானகிக்குக் கண் முதல். குமாரசாமிக்கு அறிவு முதல். யானகியின் வழியில் பொருள் பிழைத்தது, செய்தவர் மறைந்தார். குமாரசாமியின் வழியை எல்லைமீறிக் கொண்டால், பொருள் கருத்தின் எடுத்துக்காட்டாகச் சுருங்கிவிடும் இடர் உண்டு.

உபோபோய்: ‘எங்கள்’ என்னும் சொல்

இவ்விரண்டுக்கும் இடையே புதியதொரு வழியை ஹொக்கைடோத் தீவின் ஷிராஒய் நகரில் காணலாம். ‘உபோபோய்’ வளாகத்தில் 2020 ஜூலையில் திறக்கப்பட்ட தேசிய அயினு அருங்காட்சியகத்தின் பலகைகளில் அயினு மொழி முதலிடம் பெறுகிறது. ஜப்பானியம் அதன்பின் வருகிறது. ‘எங்கள் மொழி’, ‘எங்கள் வரலாறு’, ‘எங்கள் தொழில்’ எனக் காட்சிப் பிரிவுகள் தன்மைப் பன்மையில் அமைந்துள்ளன. 2009இல் யுனெஸ்கோ அழிவின் விளிம்பில் இருப்பதாகக் குறித்த ஒரு மொழி, அருங்காட்சியகத்தின் முதன்மொழியாதல் சிறு செய்தியன்று. 1941இலேயே மிங்கெய்கன் அயினுக் கைவினைக்குத் தனிக்காட்சி நடத்தியது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. அன்று காட்டியவர் யானகி. இன்று ‘எங்கள்’ எனப் பேசுவது அயினு மொழி.

எனினும் இதனையும் நிறைவுற்ற தீர்வாகக் கொள்ளவியலாது. ஆய்வு என்னும் பெயரால் பல்கலைக்கழகங்கள் கல்லறைகளிலிருந்து எடுத்துச்சென்ற அயினு முன்னோரின் எலும்புகள் இவ்வளாகத்து நினைவிடத்தில் வைக்கப்பட்டுள்ளன. அவை அவரவர் ஊர்மண்ணுக்கே திரும்புதல் வேண்டும் எனக் கோரும் அயினு மக்கள் உளர். 2019ஆம் ஆண்டுச் சட்டம் அயினு மக்களைத் தொல்குடியினர் என ஏற்றது. நிலம், வளம் ஆகியவற்றின் மீதான உரிமை அதில் இடம்பெறவில்லை. பலகையில் மொழி ஏறிய பின்னரும் உரிமை ஏறாத நிலை தொடர்கிறது.

முடிவுரை

மிங்கெய்கனின் சொற்சுருக்கம் எளிய பொருளுக்கு உயர்ந்த இடம் தந்தது. அவ்வகையில் அது போற்றத்தக்க ஒரு விமரிசனச் செயல். ஆனால் அது போற்றும் பெயரின்மை பொருளோடு பிறந்ததன்று. கிசாயெமோன் கிண்ணமும் ஒன்டா ஊரும் காட்டுவதுபோல், கேட்கப்படாமையால் நேர்ந்த பெயரின்மையே பெரும்பான்மை. கொரியக் கலங்களைப் பொறுத்தவரை, அவ்வெற்றிடத்தில் ஆளும் நாட்டினர் ஒருவரின் அன்பு கலந்த கற்பனை வந்து அமர்ந்தது.

நெடிய விளக்கம் எழுதிக் கண்ணை மறைப்பது இதற்கு மாற்றாகாது. அசகாவா தகுமி காட்டிய வழி எளியது: அக்கலத்தை அதன் மக்கள் எவ்வாறு அழைத்தனர் என்னும் ஒரு சொல், எந்த ஆண்டில் யாரிடமிருந்து பெறப்பட்டது என்னும் ஒரு வரி. செந்நிற எழுத்தில் இவ்விரண்டையும் சேர்ப்பதால் யானகி காத்த அமைதி குலையாது. செய்தவரின் பெயர் தெரியாதவிடத்து, தெரியவில்லை என்பதையும் பலகை சொல்லலாம். நாட்டார் வழக்காற்றையும் கைவினையையும் திரட்டும் ஆய்வாளர் எவர்க்கும் இது பொருந்தும். தகவலாளியின் பெயரைக் கேட்டு எழுதாமல் விட்டுவிட்டு, பின்னர் அதனை ‘மக்கள் படைப்பு’ எனப் போற்றுவது எளிது. கேட்டு எழுதியிருக்கக்கூடிய நாள் ஒன்று இருந்தது என்பதையே ‘செய்தவர் அறியப்படவில்லை’ என்னும் ஒவ்வொரு பலகையும் நினைவூட்டுகிறது.